அடுத்தவர் நாக்குக்கு ஒரு கலவை

காரை விட்டு இறங்குவதற்கு முன் அத்தை கைப்பையைத் திறந்து இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். கேப்டனின் இருதய மாத்திரை டப்பா இருந்தது. கேப்டனின் புகையிலை டின் இருந்தது. அடியில், பழைய கைக்குட்டையில் சுற்றியபடி, அவள் கணவர் புகை பிடித்த பைப்பும் இருந்தது. அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. அவர் போன பிறகு அது அந்தப் பையை விட்டு இறங்கியதில்லை, அவ்வளவுதான்.

"மாப்பிள்ளை, நீங்களும் உள்ள வாங்களேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த கேப்டனின் மாப்பிள்ளை தலையை ஆட்டினார். அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன. "வேண்டாங்க. புகை வாசனையே எனக்கு ஆகாது. மாமா பைப்பைப் பத்த வச்சாலே நான் மாடிக்குப் போயிடுவேன். நீங்க விசாரிச்சிட்டு வாங்க, நான் கார்லயே இருக்கேன்."

பின் சீட்டிலிருந்து அத்தையின் அண்ணன் மகன் வெளியே வந்தான். மடித்து வைத்திருந்த ஏணியை ஒவ்வொரு மடிப்பாகப் பிரிப்பதுபோல் இருந்தது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவனை ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தைக்கு அதிலும் பாதிதான் சொல்லப் பொறுமை.

"மாமனார் மேல இப்படி ஒரு பாசமா!" என்றான் ஒட்டடை, நடைபாதையில் ஏறியதும். "எனக்கு வரப்போற மாமனார் காணாமப் போனா, நான் இந்த அழுகையில கால்வாசி அழுவேனா?"

"உனக்கு மாமனார் வந்தா, அவர் அழுவார். நீ ஏன் அழறே? நட."

கேப்டன் நாளைக் காலை விசாரணைக் கமிஷன் முன்னால் நிற்கவேண்டியவர். அவர் ஓய்வு பெற்றபின் அவருடைய பழைய கப்பல் நடுக்கடலில் மூழ்கிப்போனது. அது விபத்தில்லை, ஓட்டைக் கப்பல் என்று தெரிந்தேதான் கம்பெனி அனுப்பியது என்று சொல்வதற்கு உயிரோடு இருந்த ஒரே ஆள் அவர். போன வாரம் மாலை நடைக்குப் போனவர் திரும்பவில்லை. வயதானவர், எங்கேயாவது வழி தவறியிருப்பார் என்று போலீஸ் கையைக் கழுவியது. காணாமல் போனவர்களைத் தேடித் தருவதில் பேர் வாங்கிய அத்தையிடம் மகள்தான் ஓடிவந்தாள். மாத்திரை இல்லாமல் அப்பா ரொம்ப நாள் தாங்கமாட்டார் என்று டப்பாவைக் கையில் திணித்தாள். அன்றைக்கே டின்னையும் அத்தை கேட்டு வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளைக்கும் அதே கப்பல் கம்பெனியில்தான் வேலை. பாவம், அவர் பாடுதான் திண்டாட்டம் என்று மகளே சொல்லியிருந்தாள்.

மாத்திரையை ஒரு மனிதர் மறந்துவிடுவார், புகையிலையை மறக்கமாட்டார் என்பது அத்தையின் கணக்கு. கேப்டன் எங்கே அடைபட்டிருந்தாலும் அவருக்காக யாராவது அதை வாங்கியே தீரவேண்டும். டின்னின் அடியில் இந்தக் கடையின் முத்திரை இருந்தது.

கடைக்குள் நுழைந்ததும் கதவு மணி ஒலித்தது. சுவர் நெடுகக் கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் இலை. பித்தளைத் தராசுக்குப் பின்னால் நின்ற கடைக்காரருக்குத் தலையில் மயிர் இல்லை, மூக்கு மட்டும் இரண்டு பேருக்குப் போதுமானதாக இருந்தது. அவர் ஒட்டடையை அடி முதல் நுனி வரை பார்த்தார்.

"தம்பிக்கா? புதுசா?"

"ஆமாங்க" என்று முந்திக்கொண்டான் ஒட்டடை. "எனக்கு ஏத்த கலவை ஒண்ணு வேணும். என் குணத்துக்குப் பொருந்தணும்."

"வைக்கோலைத்தான் கொளுத்தணும்" என்றாள் அத்தை.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே அவர்களைப் பின்னாலிருந்த ருசி பார்க்கும் அறைக்கு அழைத்துப் போனார். இரண்டு படி இறக்கம், ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, முக்காலிகள், சுவர் அலமாரியில் இன்னும் ஜாடிகள். கூரையை ஒட்டி ஒரு சதுரத் துவாரம், அதற்குக் கம்பி வலை. கதவின் உட்புறம் தடித்த கம்பளித் துணி அடித்திருந்தது. இங்கே பிடிக்கும் புகை முன்பக்கம் போய் நல்ல இலையைக் கெடுத்துவிடக்கூடாதாம். கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் கத்தியால் வெட்டியதுபோல நின்றது. மூடிய அறைகள் அத்தைக்கு ஆவதில்லை. ஆஸ்பத்திரியில் அவள் கணவரைப் போட்டிருந்த அறைக்கும் ஜன்னல் இல்லை.

"அவசரப்படக்கூடாது தம்பி" என்று கடைக்காரர் ஆரம்பித்தார். "முதல்ல லேசான வர்ஜீனியா இலை. ஒரு வாரம் அதையே பிடிங்க. அப்புறம் வேற. நாக்குதான் சொல்லணும், நாம சொல்லக்கூடாது. வேகமா இழுத்தா நாக்கு வெந்துடும், அப்புறம்..."

அத்தை டின்னை மேஜைமேல் வைத்துத் திறந்தாள். விறகுப் புகையும் தாரும் கலந்த நெடி கிளம்பியது.

"அட! இது அடுப்படி ஐயாவோடது!" கடைக்காரர் முகம் மலர்ந்தது. "பேரெல்லாம் எனக்கு நிக்காதும்மா. அவங்கவங்க கலவைதான் அவங்கவங்க பேரு. விறகுப் புகை போட்ட கறுப்பு இலை முக்கால் பங்கு போட்டு வேற யாருக்கும் நான் தர்றதில்ல. அடுப்படி மாதிரியே மணக்கும், அதனால அடுப்படி ஐயா. எங்கே ஆளைக் காணோம்?"

"அதைத்தான் கேக்க வந்தோம். இந்த வாரம் யாராவது வந்து இந்தக் கலவையைக் கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல."

ஒட்டடை பெருமூச்சு விட்டான். "வாங்க அத்தை, நடையைக் கட்டுவோம்."

அத்தை நகரவில்லை. "புதுசா யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தர் வர்றார். அலைச்சல் சார்னு வச்சிருக்கேன், இன்னும் கலவை அமையல பாருங்க. தினமும் வந்து ஒரு சிட்டிகை வாங்குவார். இந்த அறையில உக்காந்து பிடிச்சுப் பார்ப்பார், தண்ணி தண்ணியாக் குடிப்பார். மிச்சத்தைப் பொட்டலம் கட்டிட்டுப் போவார். ஒரு டீ குடிக்கிற நேரத்துல திரும்பி வந்து, 'இது அது இல்லை'ம்பார். வேற குடுப்பேன். அதுவும் அது இல்லை."

"என்ன சொல்வார்? இன்னொரு தடவை சொல்லுங்க."

"'இது அது இல்லை.' ஏம்மா?"

அத்தை பதில் சொல்ல வாயெடுத்தபோது, முன்பக்கத்து மணி எங்கோ தூரத்தில் கேட்பதுபோல மெல்லக் கேட்டது. "யாரோ வந்திருக்காங்க, பைப் தட்டையும் எடுத்துட்டு வர்றேன்" என்று கடைக்காரர் எழுந்தார். அவர் கை கதவைத் தொடுவதற்குள் அந்தப் பக்கம் இரும்பு இரும்பில் உரசி விழுந்தது.

தாழ்ப்பாள்.

கடைக்காரர் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். ஒட்டடை தோளால் இடித்தான். கதவு தலையணையைக் குத்தியது போல முனகியதே தவிர அசையவில்லை. மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள். கம்பளித் துணி அத்தனையையும் விழுங்கிக்கொண்டது.

"வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் வைக்கச் சொல்லி எந்த மகராசன் யோசனை சொன்னான்?" என்றான் ஒட்டடை, தோளைத் தேய்த்தபடி.

"உள்ள யாரு தங்கப் போறாங்க தம்பி?"

"இப்ப நாங்கதான். வாடகை உண்டா?"

அத்தை, ஒட்டடை இருவர் போனும் கார் சீட்டிலேயே கிடந்தன. கடைக்காரருடையது கல்லாவுக்குப் பக்கத்தில். தலைக்குமேல் ஒற்றை விளக்கு. சுவர்கள் ஓர் அடி முன்னால் வந்துவிட்டதாக அத்தைக்குத் தோன்றியது. மாத்திரை டப்பா இங்கே, தன் மடியில். அது போய்ச் சேரவேண்டிய மனிதர் எங்கேயோ.

"அத்தை, அந்த மனுஷன் கார்ல தனியா இருக்காரே! வந்தவனுங்க அவரை என்ன பண்ணாங்களோ. அழுத கண்ணோட பாவம்..."

"அவரை ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாங்க" என்றாள் அத்தை மெல்ல. "தாழ்ப்பாளைப் போட்டதே அவர்தான்."

ஒட்டடை திரும்பிக் கதவைப் பார்த்தான்.

"காலையில கேப்டன் வீட்டுல நம்ம மூணு பேருக்கும் டீ குடுத்தாங்க. நீ ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சே. மாப்பிள்ளை டம்ளர் ஏடு கட்டற வரைக்கும் அப்படியே இருந்தது. அப்புறம் பச்சைத் தண்ணி மாதிரி ஆனதும் குடிச்சார். துக்கம்னு நினைச்சேன். துக்கத்துல இருக்கறவங்க குடிக்காம விடுவாங்க, இல்ல சூடு தெரியாமக் குடிப்பாங்க. காத்திருந்து ஆற வச்சுக் குடிக்க மாட்டாங்க."

அவளுக்கு அது நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் அவள் கணவரும் தனக்கு ஏற்ற கலவையைத் தேடிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒரு டின், இழுக்கிற வேகத்தில் நாக்கு வெந்து, வீட்டில் எந்த டம்ளரை எடுத்தாலும் மேலே ஏடு. தன் கை டீ பிடிக்கவில்லையோ என்று அவள் சமையலறையில் நின்று அழுததுகூட உண்டு.

"புகை வாசனையே ஆகாதவருக்கு நாக்கு எப்படிடா வேகும்?"

"ஆனா அவர் எதுக்கு இங்க வந்து பைப் பிடிக்கணும்?"

"கலவை தேடறவன் 'எனக்குப் பிடிக்கல'ன்னு சொல்வான். என் வீட்டுக்காரர் வருஷக்கணக்கா அதைத்தான் சொன்னார். 'இது அது இல்லை'ன்னு சொல்றவன் அடுத்தவன் நாக்குக்குத் தேடறான். கேப்டன் தன் புகையிலை கேட்டு அடம் பிடிச்சிருக்கார். வீட்டு டின்னை நான் வாங்கிட்டேன். கடையில அந்தக் கலவையையே கேட்டா இவர் மாட்டிக்குவார். அதனால புதுசாக் கத்துக்கறவன் மாதிரி வந்து, தோராயமாத் தேடியிருக்கார். வேஷம் கலையக்கூடாதுன்னு பிடிச்சும் பார்த்திருக்கார்."

"மாமனாருக்காக நாக்கையே வேக வச்சிருக்கார்" என்றான் ஒட்டடை. "பாசம்னு நான் சொன்னேன்ல!"

"அலைச்சல் சார்தான் அவரா?" கடைக்காரர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அடடா, வாசல்ல நான் பாக்கலையே... பாத்திருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே..."

"அதுக்குத்தான் அவர் கார்லயே இருந்துட்டார். நீங்க சொன்னீங்களே, ஒரு டீ குடிக்கிற நேரத்துல திரும்பி வந்துடுவார்னு. அப்படின்னா கேப்டன் பக்கத்துலதான் இருக்கார். இந்தத் துவாரம் எங்க போகுது?"

கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். "பின்னால இருக்கற குடோனுக்கும் இதுக்கும் ஒரே புகைக்கூண்டு. ஒரு காலத்துல ரெண்டும் ஒரே கட்டடம். கப்பல் கம்பெனியோட குடோன், காலியாத்தான் கிடக்..." அவர் முடிக்கவில்லை.

ஒட்டடை மேஜைமேல் ஏறி, கம்பி வலையில் வாயை வைத்துக் கத்தினான். மேலே போன குரல் மேலேயே கரைந்தது. பதில் இல்லை.

"கேட்டிருந்தாலும் யார் குரலோன்னு பேசாம இருப்பார்" என்றாள் அத்தை. "அவருக்குத் தெரிஞ்ச ஒண்ணை அனுப்பணும். தீப்பெட்டி இருக்கா?"

கடைக்காரர் பையைத் தடவி எடுத்துக் கொடுத்தார். "ஆனா பைப் எல்லாம் முன்னாலதாம்மா இருக்கு. தட்டுல போட்டுக் கொளுத்தினா வெறும் எரிஞ்ச இலை வாசனைதான் வரும். இழுத்து விட்டாத்தான் கலவை மணம்."

அத்தை கைப்பையின் அடியில் கையை விட்டாள். பிறகு கைக்குட்டையைப் பிரித்தாள்.

கடைக்காரர் அந்தப் பைப்பை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியது. "வெயில்ல காஞ்ச வைக்கோலும் திராட்சையும். ஒரே கலவையைப் பல வருஷம் பிடிச்ச பைப் இது. அம்மா, உங்களுக்குத் தெரியாதது இல்ல. இதுல அடுப்படி ஐயா கலவையை ஒரு தடவை கொளுத்தினா போச்சு. அதுக்கப்புறம் பழைய மணம் திரும்பாது."

"தெரியும்."

"அத்தை..." என்றான் ஒட்டடை.

"நீ வேகமா இழுக்காதே. நாக்கு வெந்தா உன் பேச்சு நின்னுடும், அப்புறம் எனக்குப் பொழுது போகாது" என்றபடி அவள் டின்னிலிருந்து கறுப்பு இலையை எடுத்துப் பைப்பின் கிண்ணத்தில் அடைத்தாள். அடியில் தளர்வாக, மேலே சற்று அழுத்தி. பார்த்துப் பார்த்துப் பழகிய கை. கொடுப்பதற்கு முன் ஒரு முறை முகர்ந்தாள். அவ்வளவுதான் நேரம் இருந்தது.

ஒட்டடை இழுத்தான், இருமினான், மீண்டும் இழுத்து வலைக்குள் ஊதினான். அறை விறகடுப்பானது. மூன்று பேருக்கும் கண் எரிந்தது. புகையில் பாதி துவாரத்தில் ஏறியது, பாதி அவர்கள்மேலேயே திரும்பிக் கவிந்தது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சை எண்ணாமல் இருக்கப் பார்த்தாள்.

துவாரத்திலிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

"யாருய்யா அங்க என் புகையிலையைப் பிடிக்கறது?"

"கேப்டன்!" அத்தை மேஜையோரம் ஓடினாள். "உங்க பொண்ணு அனுப்பின ஆளுங்க நாங்க. உங்களைப் பூட்டி வச்சிருக்காங்களா?"

"பூட்டா? யார் பூட்டுவாங்க? கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. கம்பெனி ஆளுங்க என்னை முடிச்சிடத் தேடறாங்கன்னு மாப்பிள்ளைதான் இங்க ஒளிச்சு வச்சிருக்கார். விசாரணையையும் தள்ளி வச்சிட்டாங்களாம்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூட்டிய அறையில் இருந்தவர்கள் அவர்கள். தேடி வந்த ஆளின் கதவு திறந்துதான் கிடந்தது.

"விசாரணை நாளைக்குக் காலையில கேப்டன்! உங்க மாப்பிள்ளைதான் எங்களை இங்க அடைச்சு வச்சிருக்கார்."

"வாயை அளந்து பேசுங்கம்மா." குரலில் கப்பல் தளத்து அதட்டல் ஏறியது. "அந்தப் பையன் எனக்காக ஊரெல்லாம் அலைஞ்சு புகையிலை தேடறான். நான் வாங்கற கடையை மூடிட்டாங்கன்னு தெரிஞ்சும்..."

கடைக்காரர் முக்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "அடுப்படி ஐயா! நான் கடையை எப்பய்யா மூடினேன்?"

புகைக்கூண்டை நெருங்கும் காலடி கேட்டது. பிறகு, "உன் குரல் மாதிரிதான் இருக்கு. ஆனா குரலை யார் வேணும்னாலும் எடுப்பான். இருங்க, மாப்பிள்ளை கீழ போன்ல யார்கிட்டயோ பேசிட்டிருந்தார், இப்ப ஏறி வர்றார். அவரையே கேக்கறேன்."

"கேக்காதீங்க!" என்றாள் அத்தை. "அழுவார், நீங்க நம்பிடுவீங்க. அங்க சூடா டீ இருக்கா?"

"கப்பல்காரன் அடுப்புல எப்பவும் இருக்கும்."

"ஒரு டம்ளர் குடுங்க. அவர் குடிக்கிறதைப் பாருங்க. மிச்சம் எல்லாம் பைப் பிடிக்கிற உங்களுக்கே தெரியும்."

ஒட்டடை பைப்பை உள்ளங்கையால் மூடினான். மேலே பலகை கிறீச்சிட்டது.

"மாமா, கிளம்புங்க, வேற இடத்துக்குப் போகணும். அவங்க கண்டுபிடிச்சிட்டாங்க. கார் கீழ நிக்குது."

"உக்காருங்க மாப்பிள்ளை. மேல்மூச்சு வாங்குது உங்களுக்கு. ஒரு வாய் டீ குடிங்க."

"நேரமில்ல மாமா."

"நான் கிளம்பணும்னா நீங்க குடிக்கணும். சூடா இருக்கும்போதே."

டம்ளர் எடுக்கும் ஓசை. பிறகு ஒரு சின்ன அலறல், தரையில் டம்ளர் உருளும் சத்தம்.

"நாக்கை நீட்டுங்க மாப்பிள்ளை."

மேலே நாற்காலி ஒன்று நகர்ந்தது.

"எனக்கும் முதல் வருஷம் இப்படித்தான் இருந்தது. நுனியெல்லாம் சிவந்து, தோல் உரிஞ்சு. புகையே ஆகாத ஆளு நீங்க. கடை வேற மூடிக் கிடக்குதுன்னீங்க. இந்த நாக்கு எந்தக் கடையில வெந்தது?"

அழுகைச் சத்தம் இறங்கி வந்தது. இந்த முறை அது நிஜம். "வேலை போயிடும்னு மிரட்டினாங்க மாமா... நாளைக்கு ஒரு நாள் மட்டும்... உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ணாங்க..."

"அந்தக் கப்பல்ல போன பசங்களுக்கும் அப்படித்தான் சத்தியம் பண்ணினாங்க" என்றார் கேப்டன். பிறகு காலடிகள். அதற்குப்பின் ஒன்றுமில்லை.

காத்திருப்பதுதான் கொடுமையாக இருந்தது. அவர் நெஞ்சு அத்தனை படி இறங்கித் தாங்குமா? தெருவைச் சுற்றி வரவேண்டும். மாத்திரை இங்கே. வழியில் விழுந்துவிட்டால்? அத்தை கதவில் நெற்றியை வைத்து நின்றாள். ஒட்டடை அவள் பக்கத்தில் வந்து நின்றான். எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

இரும்பு இரும்பில் உரசியது. கதவு திறந்தது.

வீட்டுச் செருப்போடு, சவரம் செய்யாத வெள்ளைத் தாடியோடு, சுவரைப் பிடித்தபடி ஒரு பெரிய உருவம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அத்தை மாத்திரையை நீட்டினாள், கடைக்காரர் தண்ணீர் கொண்டுவர ஓடினார். விழுங்கி முடித்துப் படியில் உட்கார்ந்து, வெகுநேரம் கழித்துத்தான் கேப்டன் கண்ணைத் திறந்தார்.

"மாப்பிள்ளை?" என்றான் ஒட்டடை.

"அங்கயேதான் உக்காந்திருக்கார். கதவு அவருக்கும் திறந்துதான் இருக்கு. ஆனா வரமாட்டார்." கேப்டன் சுற்றிலும் பார்த்தார். அவர் பார்வை ஒட்டடையின் கையில் நின்றது. "நல்ல பைப். யாருது?"

அத்தை அதை வாங்கினாள். கிண்ணம் இன்னும் சூடாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். விறகு, தார், கரி. வைக்கோலும் இல்லை, திராட்சையும் இல்லை. இன்னொரு முறை தேடினாள். பிறகு கேப்டன் கையில் அதை வைத்து, அவர் விரல்களை அதன்மேல் மடக்கினாள்.

"ஒரு பைப்புக்கு ஒரு கலவைதானே கேப்டன். இனிமே இது உங்களுது. நாளைக்குக் காலையில விசாரணைக்குப் போகும்போது பாக்கெட்ல போட்டுக்குங்க."

கைக்குட்டையை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் படியேறினாள். முன்பக்கத்துக் கதவு தெருவை நோக்கி அகலத் திறந்து கிடந்தது. வாசலில் நின்று அவள் மூச்சை நன்றாக இழுத்துவிட்டாள்.

பின்னாலேயே வந்த ஒட்டடை அவள் தோளருகே குனிந்தான். "அத்தை, அந்தக் கைக்குட்டையை மோந்து பாத்தீங்களா?"

அவள் பார்த்திருக்கவில்லை. பையைத் திறந்து, மடிப்பைப் பிரித்து, அந்தப் பழைய துணியை முகத்தில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அப்படியே நின்றாள்.